கேசட்டும் அட்டையும் பிரியாமல்: எஸ்க்யூலைட் பற்றி ஒரு விமர்சனம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். பழைய கேசட், ஸ்பூல் டேப், ஃபோட்டோ, நெகட்டிவ் என்று எதைக் கொண்டு வந்தாலும் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது தொழில். நல்ல டெக்கும் நல்ல ஸ்கேனரும் பொறுமையும் இருந்தால் மாற்றும் வேலை நடந்துவிடும். மாற்றியதை எந்த வடிவில் அந்தக் குடும்பத்தின் கையில் கொடுப்பது என்ற இடத்தில்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. அதற்காக நான் வெகுநாளாகப் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைப் பற்றி, அதாவது விவரங்களை அட்டவணையாக அடுக்கி வைத்துத் தேட உதவும் மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன். இது இலவசம். ஆனால் இறந்துபோனவர்களின் குரலை அதற்குள் வைக்கிறோம். அதனால் காசு கொடுத்து வாங்கும் பொருளைவிடக் கறாராகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வழக்கமாக எல்லாரும் செய்வது ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று ஒலிக்கோப்புகள், கூடவே விவரம் எழுதிய எக்செல் பட்டியல். கொடுக்கும் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அப்புறம் யாரோ ஒருவர் பாட்டை மட்டும் காப்பி எடுப்பார். இன்னொருவர் பெயர் நீளமாக இருக்கிறது என்று மாற்றிவிடுவார். பட்டியல் ஒரு கணினியில், ஒலி இன்னொரு ஃபோனில் என்று ஆகிவிடும். கடைசியில் மிஞ்சுவது, யாருடையது என்று தெரியாத ஒரு குரல்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா தெருக்கூத்து வாத்தியார். ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தை ஆறு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். ஆறும் அறுபது நிமிட கேசட். உள்ளே செருகியிருக்கும் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் ஊர், எத்தனையாவது நாள் கூத்து, யார் எந்த வேஷம் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

“அக்கா, அப்பா குரல் வந்துடுச்சுன்னா போதும். மத்ததெல்லாம் எதுக்கு?” என்றார்.

“குரல் வந்துடும் தம்பி. உங்க பேரப் புள்ளைங்க கேக்கும்போது இது யாருன்னு தெரியணும்ல?”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “பின்பாட்டு பாடுறது எங்க சித்தப்பா. அத அட்டையில எழுதல,” என்றார்.

அட்டையில் இல்லாத அந்த ஒரு வரியும், அட்டையின் படமும், அந்தக் குரலும் மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று பிரியக் கூடாது. எனக்கு எஸ்க்யூலைட் தேவைப்படுவது இதற்காகத்தான்.

எஸ்க்யூலைட்டை 2000-இல் எழுதத் தொடங்கியவர் டி. ரிச்சர்ட் ஹிப். அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையில் அவர் இருந்தார். தரவுத்தளத்துக்கென்று தனியாக ஒரு சர்வர் ஓடவில்லை என்றால் மொத்த வேலையும் நின்றுபோகும் நிலை. சர்வரே வேண்டாம், வட்டில் இருக்கும் ஒரு கோப்பை நேராகப் படித்தால் போதாதா என்று யோசித்து உருவாக்கியது இது. உரிமம் என்று எதுவும் கிடையாது, பொதுவுடைமையாக விட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் இது இருக்கிறது. இதை வாசிக்கும் உங்கள் ஃபோனிலும் பல எஸ்க்யூலைட் கோப்புகள் இருக்கும்.

என்னை இதன் பக்கம் இழுத்தது ஆயுள். கோப்பின் இப்போதைய வடிவம் 2004-இல் மூன்றாம் பதிப்போடு வந்தது. அன்று எழுதிய கோப்பை இன்றைய மென்பொருள் திறக்கும். 2050 வரை ஆதரவு தருவோம் என்று உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதையும் பரிந்துரைக்கிறது. விண்டோஸில் உருவாக்கிய கோப்பை மேக்கிலோ லினக்ஸிலோ ஃபோனிலோ அப்படியே திறக்கலாம், எதையும் மாற்ற வேண்டியதில்லை. சி.டி.யில் எழுதிக் கொடுத்த காலத்தில் வாங்கிப்போனவர்கள் இன்று சி.டி. டிரைவ் இல்லாத லேப்டாப்போடு வந்து நிற்பதைப் பார்க்கிற எனக்கு இது பெரிய விஷயம்.

இந்தத் தரவுத்தளத்தில் எழுத்து, எண் தவிர ‘பிளாப்’ என்று ஒரு வகை உண்டு. படமோ ஒலியோ எதுவானாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயாமல், கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். கூத்து கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசை. அதில் ஊர், ஆண்டு, வேஷம் கட்டியவர், குறிப்பு, அட்டைப் படம், ஒலி. எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது.

சரி, எவ்வளவு பெரியதை உள்ளே போடலாம்? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். பலரும் இந்த இடத்தில் பேனாவை எடுப்பதில்லை.

ஒலிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐயாசா, பழைய டேப்புகளை மாற்றும்போது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் மாற்றச் சொல்கிறது. அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 3 பைட்டுகள்; ஸ்டீரியோவாக இரண்டு தடம் எடுத்தால் விநாடிக்கு 2,88,000 பைட்டுகள். அறுபது நிமிட கேசட் முழுவதும் 103 கோடியே 68 லட்சம் பைட்டுகள். எஸ்க்யூலைட் சாதாரணமாக வரும் நிலையில், ஒரு பிளாப் 100 கோடி பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ஆக ஒரு முழு கேசட் கொஞ்சத்தில் வெளியே நின்றுவிடும். கேசட்டை ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்தால் பக்கத்துக்கு 51 கோடியே 84 லட்சம்தான். தொண்ணூறு நிமிட கேசட்டில்கூட ஒரு பக்கம் 77 கோடியே 76 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. எப்படியும் டெக்கில் பக்கம் பக்கமாகத்தான் ஓட்டுகிறோம், அட்டையிலும் பக்கம் பிரித்துத்தான் எழுதியிருப்பார்கள். அதனால் பக்கத்துக்கு ஒரு வரிசை என்பது கேசட்டுக்கே பொருந்திய அமைப்பு.

எஸ்க்யூலைட்டை அதன் மூல நிரலிலிருந்து நாமே கட்டி (கம்பைல் செய்து) அந்த வரம்பை 214 கோடியே 74 லட்சம் பைட்டுகள் வரை உயர்த்தலாம். செய்யாதீர்கள். நம் கடைக் கணினியில் திறக்கும். வாங்கிப்போனவர் வீட்டில் இருக்கும் சாதாரண மென்பொருள், வரம்புக்கு மேலே இருப்பதைப் படிக்க மறுத்துவிடும். எங்கும் திறக்கும் என்பதற்காகத்தானே இதைத் தேர்ந்தெடுத்தோம்.

முழுக் கோப்பின் அளவுக்கு எஸ்க்யூலைட் வைத்திருக்கும் உச்சவரம்பு 281 டெராபைட். அதை நம் தொழிலில் யாரும் தொடப்போவதில்லை. இடிக்கும் இடம் வேறு. சின்ன பென்டிரைவ்கள் பெரும்பாலும் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற அமைப்பில் வருகின்றன, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்தக் கூத்தின் பன்னிரண்டு பக்கங்களும் மூலத் தரத்தில் 622 கோடி பைட்டுகள், அதாவது 6 ஜிபிக்கு மேல். தனித்தனிக் கோப்பாக இருந்தால் அதே பென்டிரைவில் நிம்மதியாக ஏறும். ஒரே கோப்பாகக் கட்டிய பிறகு ஏறாது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு ஃபார்மேட் செய்தால் தீர்ந்தது. ஆனால் அதைக் கொடுக்கிற நாம் செய்து கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய், இடம் நிறைய இருந்தும் ஏன் காப்பி ஆகவில்லை என்று தவிக்கக் கூடாது.

நான் வைத்திருக்கும் வழி இது. மூலத் தரக் கோப்புகள் தரவுத்தளத்துக்கு வெளியே, இரண்டு ஹார்ட்டிஸ்க்குகளில், சாதாரணக் கோப்புகளாக. உள்ளே போவது கேட்பதற்கான பிரதி: விநாடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3. முப்பது நிமிடப் பக்கம் ஒன்றுக்கு 28.8 எம்பி. பன்னிரண்டு பக்கமும் சேர்ந்து 346 எம்பிக்குள் அடங்கிவிடும். அட்டைகளின் ஸ்கேனைச் சேர்த்தாலும் எந்தப் பென்டிரைவிலும் போகும், பாரிஸில் ஒரு தம்பி இருந்தால் அவருக்கு இணையத்தில் அனுப்பவும் முடியும். மூலக் கோப்பு ஒவ்வொன்றின் பெயரும் அதன் எஸ்எச்ஏ-256 கைரேகை எண்ணும் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடுவது, ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும்) உள்ளே ஒரு பத்தியில், அதாவது அட்டவணையின் நெடுவரிசையில், பதிவாகியிருக்கும். பின்னாளில் ஹார்ட்டிஸ்க்கில் இருப்பது அதே மூலம்தானா என்று அந்த எண்ணை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு எனக்கு மட்டும் தோன்றியதல்ல. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பைப் பாருங்கள். செய்திகளெல்லாம் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கின்றன. படங்களும் வீடியோக்களும் வெளியே மீடியா ஃபோல்டரில் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று கேலரியில் படத்தை அழித்த பிறகு அரட்டைக்குள் போனால், மங்கலான சின்னப் படம் மட்டும் தெரியும். சின்னது உள்ளே, பெரியது வெளியே. அதன் வசதியும் அதன் ஆபத்தும் அந்த மங்கல் படத்திலேயே இருக்கிறது. அதனால்தான் வெளியே வைப்பது மூலம் மட்டும். கேட்கக்கூடிய ஒரு பிரதி கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும் என்கிறேன்.

வேகத்தைப் பற்றி எஸ்க்யூலைட் குழுவினரே அளந்து சொல்லியிருக்கிறார்கள். 10 கேபி அளவுள்ள சின்னப் படங்களை, தனித்தனிக் கோப்பாக வட்டிலிருந்து படிப்பதைவிடத் தரவுத்தளத்துக்குள்ளிருந்து படிப்பது 35 சதவீதம் வேகம். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் செலவு இல்லாததுதான் காரணம். சுமார் 100 கேபி வரை உள்ளே வைப்பது லாபம்; அதற்கு மேல் போகப் போகத் தனிக்கோப்பு முந்திக்கொள்கிறது. ஃபோட்டோ ஆல்பம் ஒன்றின் சிறு முன்னோட்டப் படங்களை இதில் போட்டுப் பாருங்கள், விரலை வைத்துத் தள்ளத் தள்ள வந்து விழும். 28 எம்பி ஒலி விஷயத்தில் தனிக்கோப்பு வேகமாக இருக்கலாம். ஆனால் பாட்டு ஆரம்பிக்கக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாக ஆவதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. எனக்கு இது முடிவெடுக்கிற காரணமே இல்லை.

அமைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எஸ்க்யூலைட் கோப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கிறது (இது கேசட்டின் பக்கம் அல்ல, கோப்பின் சம அளவுத் துண்டு), ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட்டுகள். ஒரு ஒலி அதில் அடங்காததால், மிச்சம் அடுத்தடுத்த பக்கங்களில் சங்கிலியாக நீளும். ஊர்ப்பெயர், குறிப்பு எல்லாவற்றையும் ஒலிக்குப் பின்னால் அதே வரிசையில் வைத்தால், ஊர்ப்பெயரைப் படிக்க அந்தச் சங்கிலி முழுவதையும் கடந்து போக வேண்டும். அதனால் ஒலிக்கும் படத்துக்கும் தனி அட்டவணை போடுங்கள். விவர அட்டவணை மெலிந்து இருக்கட்டும். பக்க அளவையும் 8,192 அல்லது 16,384 என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுவது பெரிய பிளாப்களுக்கு நல்லது. பிறகு மாற்றுவதானால் முழுக் கோப்பையும் திருப்பி எழுத வேண்டிவரும்.

இனி, பலபேர் சேர்ந்து பயன்படுத்துவது. இந்த விமர்சனத்தில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

ஒரே கணினியில் எத்தனைபேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுவது ஒரு நேரத்தில் ஒருவர்தான். யார் எழுதுகிறார்கள் என்பதை முடிவு செய்ய, இயங்குதளம் கோப்புக்குப் போடும் பூட்டை எஸ்க்யூலைட் நம்பியிருக்கிறது. நெட்வொர்க் ஃபோல்டரில் அந்தப் பூட்டு பல இடங்களில் சரியாக வேலை செய்வதில்லை, கோப்பு கெட்டுப்போகும் அபாயம் உண்டு என்று எஸ்க்யூலைட் ஆவணங்களே எச்சரிக்கின்றன. டபிள்யூ.ஏ.எல். என்று 2010-இல் வந்த வேகமான எழுதும் முறையோ நெட்வொர்க் ஃபோல்டரில் வேலையே செய்யாது. பயன்படுத்தும் எல்லாரும் ஒரே கணினியில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

தானாக ஒத்திசைக்கும் மேகச் சேமிப்பு (கூகுள் டிரைவ் போன்றவை) இன்னும் சிக்கல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு குடும்பத்துக்குப் பாட்டியின் ஒப்பாரிப் பாடல்களையும் தாலாட்டுகளையும் ஒரே கோப்பாகக் கொடுத்திருந்தேன். அண்ணன் வீட்டு லேப்டாப், தங்கை வீட்டு லேப்டாப் இரண்டிலும் அதை ஒரு மேகச் சேவையின் ஃபோல்டரில் வைத்துக்கொண்டார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை இருவரும் திறந்து உட்கார்ந்து, எந்தப் பாட்டு எந்தச் சாவில் பாடியது, எந்தப் பிள்ளைக்குப் பாடியது என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். சாயங்காலம் பார்த்தால் இரண்டு கோப்புகள். ஒன்றில் அண்ணன் எழுதியது, மற்றதில் தங்கை எழுதியது. தங்கை ஃபோன் செய்தபோது குரலே உடைந்திருந்தது: “அம்மா ஞாபகத்துல இருந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல எழுதினேங்க்கா. போயிடுச்சா?” போகவில்லை, இரண்டையும் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து சேர்த்தோம். ஆனால் அந்தப் பதற்றம் யாருக்கும் வரக் கூடாது.

அதற்கு எஸ்க்யூலைட்டிலேயே வழி இருக்கிறது. ‘அட்டாச்’ என்று ஒரு கட்டளை. ஒரு தரவுத்தளம் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் சேர்த்துத் திறந்து, இரண்டையும் ஒன்றாக வினவலாம். சாதாரணமாக இப்படிப் பத்துக் கோப்புகள் வரை சேர்க்க முடியும். இப்போது எல்லாக் குடும்பத்துக்கும் இரண்டு கோப்புகளாகக் கொடுக்கிறேன். முதலாவது பெரியது: ஒலியும் அட்டைப் படமும். இது படிக்க மட்டும். யாரும் இதில் எழுதப்போவதில்லை. எழுதாத கோப்புக்குப் பூட்டுத் தகராறும் இல்லை, எத்தனைப் பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது சின்னது: குறிப்புகள் மட்டும், சில நூறு கேபி. இது ஆளுக்கு ஒன்று. அண்ணன் தன்னுடையதில் எழுதுகிறார், தங்கை தன்னுடையதில் எழுதுகிறார், பாரிஸில் தம்பி இருந்தால் அவர் அங்கே எழுதுகிறார். எழுதியதை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பிவிடலாம். வந்ததை அட்டாச் செய்து, எல்லாரும் எழுதியதையும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை. குறிப்புகளுக்கு 1, 2, 3 என்று தானாக ஏறும் எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். மூன்று பேரிடமும் ஐந்தாம் குறிப்பு இருக்கும், சேர்க்கும்போது மோதும். எங்கே உருவாக்கினாலும் ஒன்றோடு ஒன்று மோதாத நீளமான அடையாளம் வைக்க வேண்டும். எழுதியவர் பெயருக்கும் ஒரு பத்தி வேண்டும். ஒரே குரலை அண்ணன் பெரியம்மா என்பார், தங்கை அத்தை என்பார். இரண்டையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். எது சரி என்று தீர்ப்பு சொல்ல நாம் யார்?

கோப்பைக் கைமாற்றும் முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளம் திறந்திருக்கும்போது அதே பெயரில், கடைசியில் ‘-ஜர்னல்’ (-journal) அல்லது ‘-வால்’ (-wal) என்று முடியும் துணைக்கோப்பு பக்கத்தில் தோன்றலாம். கடைசியாக எழுதியது அதற்குள் இருக்கக்கூடும். அதை விட்டுவிட்டு முக்கியக் கோப்பை மட்டும் காப்பி எடுத்தால் எழுதியது தொலையலாம், கோப்பே கெடவும் கெடலாம். அதனால் எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு, துணைக்கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போதே எடுத்தாக வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கும் ‘பேக்கப்’ கட்டளையையோ, 2019-இல் வந்த ‘வேக்யூம் இன்டூ’ கட்டளையையோ பயன்படுத்துங்கள். டபிள்யூ.ஏ.எல். முறையில் வேலை செய்திருந்தால், கொடுக்கும் முன் பழைய ஜர்னல் முறைக்கு மாற்றிவிடுவது உத்தமம். எழுத முடியாத இடத்திலும் அப்போது தடையில்லாமல் திறக்கும்.

குறைகள் என்று நான் நினைப்பவை இனி. ஒரு ஒலியை அழித்தால் கோப்பு இளைக்காது. காலியான பக்கங்களை அடுத்த முறை பயன்படுத்த வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இளைக்க வைக்க ‘வேக்யூம்’ ஓட்ட வேண்டும். அது ஓடக் கோப்பின் அளவைப் போல இரண்டு மடங்கு வரை காலி இடம் கேட்கும். நிரம்பிய பென்டிரைவில் வைத்துக்கொண்டு இதை முயன்றால் நடக்காது.

இன்னொன்று, மாற்றம் எவ்வளவு சிறிதானாலும் பல பேக்கப் மென்பொருள்களின் கண்ணுக்கு மொத்தக் கோப்பும் மாறியதாகத் தெரியும். ஒரு ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழை திருத்தினால் 346 எம்பியும் மறுபடி ஏறும். குறிப்பைத் தனிக்கோப்பாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பெரிய குறை இதுதான்: உள்ளே இருக்கும் ஒலியில் ஒரு பிட் கெட்டுப்போனால் எஸ்க்யூலைட் தானாகச் சொல்லாது. ‘இன்டெக்ரிட்டி செக்’ என்ற சோதனை பக்கங்களின் அமைப்பைத்தான் பார்க்கும், ஒலியின் பைட்டுகள் சரியா என்று பார்க்காது. பைட்டுகளையும் சோதிக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) நீட்டிப்பு ஒன்றை எஸ்க்யூலைட்காரர்களே தந்திருக்கிறார்கள். ஆனால் அது எல்லா வீட்டு மென்பொருளிலும் இருக்காது. ஆகவே உள்ளே போகும் ஒவ்வொரு பிளாப்புக்கும் கைரேகை எண்ணைக் கணக்கிட்டுப் பக்கத்துப் பத்தியில் எழுதிவிடுங்கள். கூடுதல் வேலைதான். ஆனால் இது இல்லாமல் பாதுகாத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வராது.

வாங்கிப்போனவர் முதலில் உணரும் குறை வேறு. கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் பாட்டு வராது. வி.எல்.சி. போன்ற பிளேயர்களுக்குத் தரவுத்தளத்துக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்’ என்ற இலவச மென்பொருளில் திறந்து, வரிசையைப் பார்த்து, ஒலியை வெளியே எடுத்துச் சேமித்து, அப்புறம்தான் கேட்க வேண்டும். எழுபது வயது அம்மாவிடம் இதைச் சொல்ல முடியுமா? என் அண்ணன் மகன் பைதான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தான். ஊர்ப்பெயரும் அட்டைப் படமும் திரையில் வரும், தொட்டால் பாடும். பைதானோடு எஸ்க்யூலைட் கூடவே வருகிறது. பைதானின் 3.11 பதிப்பிலிருந்து, பிளாப் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் வேண்டிய பகுதியை மட்டும் படிக்கும் வசதியும் இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள், பென்டிரைவில் தரவுத்தளத்தோடு சாதாரண எம்பி3 ஃபோல்டர் ஒன்றையும் வைத்துக் கொடுங்கள். இடம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். தினமும் கேட்க ஃபோல்டர், பேரப்பிள்ளைகளுக்குத் தரவுத்தளம்.

மாற்று எதுவும் இல்லையா என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்செஸ் பல அலுவலகங்களில் இன்னும் ஓடுகிறது. அதில் முழுக் கோப்புக்கே 2 ஜிபிதான் வரம்பு. ஜிப் கோப்பு எளிது, ஆனால் சித்தப்பா பாடிய பக்கம் எது என்று அதனிடம் கேட்க முடியாது. தேடிக் கண்டுபிடிக்க முடிகிற பெட்டி வேண்டுமென்றால், நான் பார்த்தவரையில் எஸ்க்யூலைட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அதற்குப் பிறகு கேசட்டுகளைப் பாலித்தீன் பையில் ஈரத்தோடு எடுத்து வந்தவர்கள் உண்டு. நனைந்த கேசட்டை உடனே பிளேயரில் போடாதீர்கள். பையிலிருந்து எடுத்து, வெயிலில் வைக்காமல், நிழலில் காற்றாட உலரவிட்டுக் கொண்டு வாருங்கள். தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு பிரதி போதாது. ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம். ஒரே கோப்பாக இருந்தால் அதைக் கேட்டு வாங்க, எடுத்துக் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. நூறு கோப்பு கொண்ட ஃபோல்டர் என்றால் எல்லாம் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்யாண வீடியோவை மட்டும் இதற்குள் போட முயற்சி செய்யாதீர்கள். ஒரு சாதாரண டிவிடியே 4.7 ஜிபி, பிளாப்பின் உச்சவரம்பை உயர்த்தி வைத்தாலும் அதில் பாதிகூட ஒரு வரிசையில் அடங்காது. துண்டு துண்டாக வெட்டிப் பல வரிசைகளில் போடலாம் என்பார்கள். போடலாம்தான், ஆனால் திருப்பி ஒட்டித் தர ஒரு நிரல் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், பத்து வருடம் கழித்து அது யாரிடம் இருக்கும்? வீடியோ வெளியே தனிக்கோப்பாக இருக்கட்டும். அதன் பெயர், கைரேகை எண், எந்த நிமிடத்தில் யார் தெரிகிறார்கள் என்ற குறிப்பு, ஆளுக்கு ஒரு சின்னப் படம், இவ்வளவும் தரவுத்தளத்துக்குள் போகட்டும்.